திமிங்கல ஆய்வைத் தொழிலாகக் கொள்வது எப்படி

கடலில் வாழும் திமிங்கலங்களை ஆராய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவர், எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று விசாரிப்பதற்கு முன்பு, அந்தத் தொழிலில் நாள்கள் எப்படிக் கழிகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பெர்ம் திமிங்கலம் முக்கால் மணி நேரம் ஆழத்தில் இரை தேடிவிட்டு, மேலே வந்து பத்து நிமிடம்போல மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் மூழ்கிவிடும். அமெரிக்காவின் கேப் ஹட்டராஸ் அருகே கூவியே அலகுத் திமிங்கலம் ஒன்று 3 மணி 42 நிமிடம் மூழ்கியிருந்ததாக 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆராயப்படும் உயிர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமலேயே கழிக்கிறது என்பதால், ஆய்வாளரின் வேலையும் காத்திருப்பது, கண்டதைக் குறிப்பது, குறித்ததைக் கணக்கிடுவது என்ற மூன்றுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. படகில் இருப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். எஞ்சிய மாதங்களெல்லாம் படங்களைப் பிரிப்பதிலும், ஒலிப்பதிவுகளைக் கேட்பதிலும், கணினி நிரல் எழுதுவதிலும், நிதி கேட்டு விண்ணப்பிப்பதிலும் போகும். இந்தப் பங்கீடு மனத்துக்கு ஒப்பவில்லையென்றால், சுற்றுலாப் படகில் வழிகாட்டியாகச் சேர்வது கூடுதல் மகிழ்ச்சி தரக்கூடும்; அதுவும் மதிப்புள்ள வேலைதான்.

இந்தத் துறை எதனால் வளர்ந்தது என்பதை, கொலைத் திமிங்கலம் என்றும் அழைக்கப்படும் ஓர்காக்களைக் கொண்டு பார்ப்பது எளிது. 1960-களின் பிற்பகுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் கரையிலும் நீர்க்காட்சியகங்களுக்காக ஓர்காக்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடலில் மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று எவருக்கும் தெரியாது. எண்ணிச் சொல்லும் பொறுப்பு மைக்கேல் பிக் என்ற அரசு அறிவியலாளரிடம் வந்தது. அவர் 1971-இல் மீனவர்களுக்கும் கலங்கரை விளக்கக் காவலர்களுக்கும் படகோட்டிகளுக்கும் ஆயிரக்கணக்கில் படிவங்களை அனுப்பி, ஒரு குறிப்பிட்ட நாளில் கண்ட ஓர்காக்களை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பிறகு அவரும் உடன் பணியாற்றியவர்களும், முதுகுத் துடுப்பிலுள்ள வெட்டுகளையும் அதற்குப் பின்னால் சேணம்போல் படிந்திருக்கும் சாம்பல் திட்டின் வடிவத்தையும் படமெடுத்தால் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்று நிறுவினார்கள். எண்ணிக்கை சில நூறுதான் என்று தெரிந்தபோது, பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு வலுக் கிடைத்தது. வாஷிங்டன் பக்கத்தில் கென் பால்கோம்ப் 1976-இல் அதே முறையில் தொடங்கிய கணக்கெடுப்பு, முதல் ஒப்பந்தப் பணம் தீர்ந்த பின்னும் நிற்காமல் நாற்பது ஆண்டுகளைக் கடந்தது.

தாய்வழிக் குடும்பங்களில் மகன்கள்கூட வாழ்நாள் முழுவதும் தாயை விட்டுப் பிரிவதில்லை என்பது அந்தக் கணக்கெடுப்புகளிலிருந்து தெரியவந்தது. பெண் ஓர்காக்கள் நாற்பது வயதையொட்டி ஈனுவதை நிறுத்திவிட்டுப் பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன, தாய் இறந்தால் வளர்ந்த மகன் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது, சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் முதிய பெண்களே முன்னே நீந்திக் கூட்டத்தை வழிநடத்துகின்றன என்பவையும் அப்படித்தான் தெரியவந்தன. இவற்றில் எதையும் மூன்றாண்டு முனைவர் பட்ட ஆய்வில் ஒரு மாணவர் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. மூதாட்டிகளைப் பற்றிய கட்டுரைகளை 2012-க்குப் பிறகு எழுதியவர்கள், தாங்கள் பள்ளிக்குச் செல்லும் முன்பே வேறு சிலர் எடுத்துவைத்த படங்களைப் பயன்படுத்தினார்கள். ஆகவே என் முதல் அறிவுரை இதுதான்: எந்தத் திமிங்கலத்தை ஆராய்வது என்று தேடுவதைவிட, எந்த இடத்தில் நீண்டகாலப் பதிவு ஒன்று ஒழுங்காக நடக்கிறது, அல்லது நடக்க வேண்டியிருந்தும் நடக்காமல் இருக்கிறது என்று தேடுங்கள்.

கேள்வியிலிருந்து பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

கடல் உயிரியல் என்ற பெயர் பட்டச் சான்றிதழில் இருந்தே ஆக வேண்டும் என்று பல பெற்றோரும் மாணவரும் நினைக்கிறார்கள். உண்மையில் திமிங்கல ஆய்வுக்கு வந்தவர்கள் பல வாசல்கள் வழியாக வந்தவர்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தபோது, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீருக்கடியிலான இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. அதே நாள்களில் அங்கே சேகரித்த ரைட் திமிங்கலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன்களின் அளவும் குறைந்திருந்தது. கப்பல் இரைச்சல் திமிங்கலங்களை வருத்துகிறது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் இந்த ஆய்வை 2012-இல் வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர் ரோசலிண்ட் ரோலண்ட் ஒரு கால்நடை மருத்துவர். உறிஞ்சுகிண்ணத்தால் திமிங்கலத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒலியையும் அசைவையும் பதிவு செய்யும் கருவியை வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் உருவாக்கிய மார்க் ஜான்சன் பொறியாளர். ஆழத்தில் இருக்கும்போது நீலத் திமிங்கலத்தின் இதயம் நிமிடத்துக்கு இரண்டு முறை வரை தாழ்ந்து துடிக்கிறது என்று 2019-இல் அறியவந்ததும் இத்தகைய ஒட்டுக்கருவியின் உதவியால்தான்.

எனவே உங்களை ஈர்ப்பது எந்தக் கேள்வி என்று பாருங்கள். எத்தனை இருக்கின்றன என்ற கேள்வி உங்களைப் புள்ளியியலுக்கு இட்டுச்செல்லும். எங்கே, ஏன் கூடுகின்றன என்பது கடலியலுக்கு. என்ன பேசிக்கொள்கின்றன என்பது ஒலியியலுக்கு. ஏன் சாகின்றன என்பது நோய்க்குறியியலுக்கு. பள்ளியில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவை எடுக்க வாய்ப்பிருந்தால் அதை எடுங்கள். கணிதத்தைக் கைவிட்டுவிட்டு விலங்கியலில் சேர்ந்தவர்களுக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை என்றாலும், விட்டதை முதுநிலைப் படிப்பின்போது அவசரமாகக் கற்றுக்கொள்ள நேரும். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் படிப்பும், இலங்கையில் ருகுணுப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் அறிவியல் பீடமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடி விஞ்ஞானத் துறையும் தொடங்குவதற்குப் போதுமானவை. இவற்றில் திமிங்கலத்துக்கென்று தனிப் பாடம் இருக்க வேண்டும் என்பதில்லை. இளநிலையில் நீங்கள் மீனைப் பற்றியோ நண்டைப் பற்றியோ ஒரு சிறு ஆய்வைச் சரியாக வடிவமைத்து முடித்திருந்தால், பின்னாளில் உங்களைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியருக்கு அதுவே போதும்.

எண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விரும்பி வருகிறவர்களில் பலர் தயங்கி நிற்கும் இடம் அதுதான். ஒரு விரிகுடாவில் முதல் பருவத்தில் 50 திமிங்கலங்களைப் படமெடுத்தீர்கள். இரண்டாம் பருவத்தில் 40-ஐப் படமெடுத்தீர்கள். அவற்றில் 20 முன்பே கண்டவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை கண்டவற்றில் பாதி பழையவை என்றால், முதல் முறை நீங்கள் கண்ட 50-ம் மொத்தத்தில் பாதியாக இருக்கலாம்; ஆகவே மொத்தம் ஏறத்தாழ 100. இந்த எளிய கணக்குக்குப் பின்னால் பல எடுகோள்கள் ஒளிந்திருக்கின்றன. இடையில் எதுவும் பிறக்கவோ இறக்கவோ வெளியேறவோ இல்லை, எல்லா விலங்கும் ஒரே அளவில் படத்தில் சிக்கக்கூடியது, ஒன்றையும் தவறாக அடையாளம் காணவில்லை என்பவை அவற்றுள் சில. கடலில் இவற்றில் ஒன்றுகூட முழுதாக மெய்யாவதில்லை. அந்தப் பிசகை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதே இந்தத் துறைப் புள்ளியியலின் பெரும்பகுதி. நேர்கோட்டில் கப்பலைச் செலுத்தி, கண்ட விலங்கு கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்று அளந்து, தொலைவு கூடக்கூடக் காண்பது எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து காணாமல் விட்டவற்றை மதிப்பிடும் முறையும் உண்டு. அதிலும், கப்பல் கடந்தபோது நீருக்குள் மூழ்கியிருந்தவை எத்தனை என்ற கேள்வி எஞ்சி நிற்கும். ஆர் நிரல்மொழியை இளநிலைப் பட்டம் முடிவதற்குள் தடையின்றிப் பயன்படுத்தப் பழகிக்கொள்ளுங்கள். அது இலவசம், வீட்டுக் கணினியிலேயே கற்கலாம். ஒலி ஆய்வுக்கான பாம்கார்டு மென்பொருளும் இலவசமே.

கரையிலிருந்தே தொடங்கக்கூடியவை

பணம் கட்டித் தன்னார்வலராகச் சேரும் திட்டங்கள் உலகெங்கும் விளம்பரம் செய்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு, சுற்றுலாவுக்கு ஆய்வு என்று பெயரிட்டவையும் உண்டு. சேருவதற்கு முன்பு, கடந்த ஐந்தாண்டுகளில் அந்தத் தரவிலிருந்து என்ன கட்டுரைகள் வெளிவந்தன, ஆய்வு அனுமதி எவர் பெயரில் இருக்கிறது, தரவைப் பதியும் வேலை எனக்குக் கற்றுத்தரப்படுமா என்று மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். மழுப்பலான விடை வந்தால் விலகிவிடுங்கள். ஊதியமில்லாத பயிற்சியும் கட்டணத் தன்னார்வமும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்தத் துறையைத் திறந்துவிடுகின்றன என்பது என் கருத்து. எனவே செலவில்லாத வழிகளை முதலில் சொல்கிறேன்.

கரை ஒதுங்கும் திமிங்கலங்களைப் பதிவு செய்வது அவற்றில் ஒன்று. திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 1973 ஜனவரியில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. அதே கரையில் 2016 ஜனவரியில் எண்பது போல ஒதுங்கி, மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்டும் பாதிக்கு மேற்பட்டவை இறந்தன. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர்மக்களும் இரவெல்லாம் பாடுபட்டுப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினார்கள். நாற்பத்து மூன்றாண்டு இடைவெளியில் ஒரே கரையில் நடந்த இரண்டு நிகழ்வுகளை நாம் ஒப்பிட முடிவதற்குக் காரணம், முதல் முறை எவரோ போய் எண்ணி, அளந்து, எழுதி வைத்ததுதான்.

இந்தியாவில் திமிங்கலங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், பல்லையோ எலும்பையோ தோலையோ எடுத்துவருவது ஆய்வார்வத்தால் செய்தாலும் குற்றமே. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும், செய்தித்தாளில் அடிக்கடி அடிபடும் அம்பர் கிரீஸுக்கும் இந்தியாவில் இதே நிலைதான். அதைப் பற்றிக் கேட்டு எவராவது உங்களைத் தேடி வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒதுங்கியதைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தொலைவில் நின்று தலை, வாய், முதுகுத் துடுப்பு, வால், வயிற்றுப் பக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாகவும், பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளோடும் படமெடுங்கள். நாள், நேரம், இடத்தின் ஆயங்களைக் குறியுங்கள். உயிரோடிருப்பதன் வால் ஒரே வீச்சில் ஆளைக் கொல்லும், இறந்ததன் உடலிலிருந்து நோய் தொற்றும் என்பதால் பயிற்சியில்லாமல் தொடாதீர்கள். இந்தியக் கடல் பாலூட்டிகளின் ஆய்வுக்கும் பாதுகாப்புக்குமான வலையமைப்பு இத்தகைய பதிவுகளைப் பொதுமக்களிடமிருந்து பெற்றுத் தொகுத்துவருகிறது. கூனல் முதுகுத் திமிங்கலத்தின் வாலடிப் படம் எங்கேனும் கிடைத்தால், 2015-இல் தொடங்கிய ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றலாம். அது உலகெங்கிலுமிருந்து வந்த படங்களோடு ஒப்பிட்டு, அந்த விலங்கை முன்பு எவராவது கண்டிருக்கிறார்களா என்று சொல்லும். அரபிக்கடலில் இடம்பெயராமல் வாழும் கூனல் முதுகுத் திமிங்கலங்கள் நூற்றுக்கும் குறைவு என்று கருதப்படுகிறது. ஓமான் கரையில் 2017-இல் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கலம் கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்மேற்குக் கரைக்கு வந்துசென்றது. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரே ஒரு படத்துக்கும் மதிப்புண்டு.

மீன் இறங்குதளங்களுக்குப் போய் மீனவர்களிடம் பேசப் பழகுங்கள். ஆழ்கடல் செல்லும் படகோட்டி ஒருவர் எந்த மாதத்தில், எந்த நீரோட்டத்தில், எத்தனை பாகம் (மீனவர்களின் ஆழ அளவு) ஆழமுள்ள இடத்தில் திமிங்கலம் ஊதுவதைக் காண்கிறார் என்பதைப் படிவமாக்கி, ஒரே கேள்விகளைப் பலரிடம் கேட்டுத் தொகுத்தால், அது இளநிலை மாணவரின் ஆய்வாகவே நிற்கும். நேரடியாகக் கடலுக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்கும்போது, திமிங்கலத்தைக் கண்ட நேரத்தை மட்டுமல்லாமல் காணாமல் கழித்த மணிகளையும், கடல் எவ்வளவு கலங்கியிருந்தது என்பதையும் எழுதுங்கள். பத்து மணி நேரத் தேடலில் மூன்று கண்டதும் ஒரு மணி நேரத்தில் மூன்று கண்டதும் ஒன்றல்ல. தேடிய நேரம் எழுதப்படாத குறிப்பேட்டிலிருந்து இந்த வேறுபாட்டை எந்தப் புள்ளியியலாளராலும் மீட்டெடுக்க முடியாது. கடல் மயக்கம் பலருக்கு வரும். மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், ஏறிய பின் போட்டால் பயன் குறைவு. நீச்சல், முதலுதவி, சிறு இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது ஆகியவை தெரிந்தவருக்குப் படகில் எப்போதும் இடமுண்டு.

பட்ட ஆய்வுக்கு ஆசிரியரைத் தேடுவது

இலங்கையின் ஆஷா டி வோஸ் இந்தத் துறைக்கு வந்த வழி ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு நல்ல பாடம். செயின்ட் ஆண்ட்ரூஸில் இளநிலை முடித்தவர், ஒடிசி என்ற ஆய்வுக் கப்பலுக்கு விடாமல் எழுதி அதில் வேலை பெற்றார். 2003-இல் இலங்கைக் கடலில் ஆறு நீலத் திமிங்கலங்கள் கூடியிருந்ததையும், நீரில் மிதந்த சிவந்த சாணத்தையும் கண்டு, இவை இங்கேயே இரை தின்கின்றன என்று உணர்ந்தார். நீலத் திமிங்கலங்கள் துருவ நீரில் உண்டு வெப்பக் கடலில் ஈனும் என்பதே பாடநூல் சொன்னது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் முதுநிலை முடித்து, 2008-இல் இலங்கை நீலத் திமிங்கலத் திட்டத்தைத் தொடங்கினார்; பின்னர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று இலங்கையின் தென்முனையை ஒட்டித் திமிங்கலங்கள் உண்ணும் இடத்தின் வழியாகவே செல்வதால் மோதல்கள் நேர்கின்றன, 2022-இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை மேலும் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து தரவை எடுத்துக்கொண்டு, உள்ளூரில் எவரையும் பயிற்றுவிக்காமல் போய்விடும் வழக்கத்தை அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதிவருகிறார். நீங்கள் அத்தகைய கூட்டுத் திட்டத்தில் சேரும்போது, தரவின் படி ஒன்று உள்நாட்டில் இருக்குமா, கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கடல் பாலூட்டி அறிவியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. அமெரிக்காவின் டியூக், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகங்களும், கனடாவின் டல்ஹௌசி, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களும் இத்துறையில் பெயர் பெற்றவை. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைவிட, உங்களை வழிநடத்தப்போகிறவரிடம் நிதி இருக்கிறதா, அவருடைய முந்தைய மாணவர்கள் பட்டத்தை முடித்தார்களா என்பவை முக்கியம். அந்த மாணவர்களுக்கே எழுதிக் கேட்கலாம். பெரும்பாலும் விடை சொல்வார்கள். பேராசிரியருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சிறு வயதிலிருந்தே திமிங்கலங்கள்மீது எனக்குப் பற்று என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு வாரந்தோறும் வருகின்றன. அவருடைய கட்டுரைகளில் இரண்டை முழுமையாகப் படித்து, அதில் விடுபட்ட ஒரு கேள்வியைக் குறிப்பிட்டு, அதை ஆராய உங்களிடம் இப்போது என்ன திறன் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆயிரம் படங்களை ஒப்பிட்டுப் பிரித்திருக்கிறேன் என்பது போன்ற ஒரு வரி, பத்து வரிப் பற்றைவிட அதிகம் பேசும்.

அனுமதிகளுக்கான வேலையை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே தொடங்கிவிட வேண்டும். தோல் மாதிரி எடுக்கவும் கருவி பொருத்தவும் தனித்தனி ஒப்புதல் தேவைப்படலாம். பெரிய திமிங்கலங்கள் பெரும்பாலும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், விரல்நுனி அளவு தோலைப் பகுப்பாய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்பவும் ஏற்றுமதி, இறக்குமதி உரிமங்கள் வேண்டும். அனுமதி வராமல் ஒரு பருவத்தை இழப்பது இங்கே அரிதன்று. எனவே முனைவர் பட்டத்தின் ஓர் அத்தியாயத்தையாவது ஏற்கெனவே கையில் உள்ள தரவிலிருந்து எழுதும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

வேலையும் வருமானமும்

பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், திமிங்கலங்களை மட்டுமே ஆராயும் நிரந்தரப் பேராசிரியர் பணிகள் மிகக் குறைவு. அரசு மீன்வள நிறுவனங்கள், பாதுகாப்பு அமைப்புகள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், கடலடி ஒலிப்பதிவுக் கருவி செய்வோர் ஆகியோரிடம்தான் பலர் பணிபுரிகிறார்கள். இந்தியாவில் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் தேராதூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் திட்டப் பணியாளர்களை எடுக்கும். பணிக்காலம் திட்டத்தோடு முடிந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கு ரஃபர்டு அறக்கட்டளை சிறு நிதி தருகிறது. கடல் பாலூட்டியியல் சங்கமும் மாணவர் ஆய்வுகளுக்குச் சிறு உதவித்தொகைகள் வழங்குகிறது. தொகை பெரிதாக இல்லாவிட்டாலும், ஒருமுறை நிதி பெற்றுக் கணக்கு ஒப்படைத்தவர் என்ற பெயர் அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும்.

இடைக்காலத்தில் வருமானம் தரும் வேலை கடல் பாலூட்டிப் பார்வையாளர் பணி. எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வுக் கப்பல்களிலும், கடலில் காற்றாலை நிறுவும் இடங்களிலும் இவர்கள் தேவைப்படுகிறார்கள். பிரிட்டனின் விதிமுறைப்படி, கடலடியை ஆராய ஒலி எழுப்பும் காற்றுத் துப்பாக்கிகளை இயக்கும் முன் அரை மணி நேரமும், 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் ஒரு மணி நேரமும் பார்வையாளர் கண்காணிக்க வேண்டும். 500 மீட்டருக்குள் திமிங்கலமோ ஓங்கிலோ (டால்பின்) தென்பட்டால் தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும். சில நாள் பயிற்சியிலேயே இதற்கான சான்றிதழ் கிடைக்கும், ஆனால் கடற்பணிப் பாதுகாப்புப் பயிற்சியும் மருத்துவத் தகுதியும் தனியாக வேண்டும். வாரக்கணக்கில் கரை காணாமல் இருக்க நேரும். எண்ணெய் நிறுவனத்திடம் ஊதியம் வாங்குவது பொருந்துமா என்று சிலர் தயங்குகிறார்கள். கப்பலில் எவரும் பார்க்காமல் இருப்பதைவிடத் தெரிந்தவர் ஒருவர் பார்த்து நிறுத்தச் சொல்வது மேல் என்றே நான் நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உண்மையிலேயே உங்களிடம் இருக்கிறதா, பதிவுகளின் படியை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, கப்பல் துறைமுகத்தில் காத்திருக்கும் நாள்களுக்கும் ஊதியம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.